மிஸ் கொர்னீலியா வீட்டில் பிடிக்காத தீ

பிராக்டன் என்ற அந்த ஊரில் எதற்கும் வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. மில்லுக்குப் பெயர் பிராக்டன் மில். சர்ச், பிராக்டன் நினைவு சர்ச். பள்ளிக்கூடம், நூலகம், ஆற்றுப் பாலம், குப்பை வண்டி நிற்கிற சந்து எல்லாம் பிராக்டன். செத்துப்போனால் புதைக்கிற இடத்துக்கும் அதே பெயர்தான். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அப்பன் பெயரை வைத்துக்கொள்ள விட்டார்களே, அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய மனசு என்பாள் வெர்டி ஸ்ட்ரூப்.

வெர்டிக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். நூற்புப் பிரிவில் அறுந்த இழையை ஒட்டி ஒட்டியே காலம் தள்ளியவள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. அவள் புருஷன் ஹாய்ட் நேர் எதிர். யாராவது அடித்தால்கூட, அடித்தவனுக்குக் கை வலித்திருக்குமோ என்று கேட்கிற ரகம். பதினேழு வயதில் கார்டிங் ரூமுக்குள் போனவன், நரைத்த தலையோடுதான் வெளியே வந்தான். பஞ்சைச் சீவி வாருகிற இடம் அது. உள்ளே நின்றால் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நல்ல காற்றைக் குடித்துவிட்டு மறுநாள் உள்ளே போனால், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருக்கும். அதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டே அந்த ஆண்கள் வேலை பார்த்தார்கள்.

இப்போது ஹாய்ட்டுக்கு எல்லாக் கிழமையும் திங்கட்கிழமைதான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறான். கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தால் பேச்சு திரும்ப வெகுநேரம் ஆகும். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு மில் நஷ்டஈடு தர வேண்டும் என்று கரோலினாவில் சட்டம் வந்ததும், வெர்டிதான் மனுப் போட்டாள். ஹாய்ட்டுக்கு அதில் இஷ்டமே இல்லை.

"மிஸ்டர் ஆம்ப்ரோஸ் இருந்திருந்தா, மனுவெல்லாம் போட விட்டிருக்க மாட்டார் வெர்டி. தெரிஞ்சா அவரே கூப்பிட்டுச் செஞ்சிருப்பார்."

"ஆமா, அவரே வந்து உனக்கு மூச்சு விட்டுக் குடுத்திருப்பார்."

ஆம்ப்ரோஸ் பிராக்டன் மில்லைக் கட்டிய கிழவர். செத்து வருஷக்கணக்கு ஆகிறது. ஹாய்ட்டின் அம்மா இறந்தபோது சவப்பெட்டியும் ஒரு முழுப் பன்றித் தொடையும் அனுப்பிவைத்தார் என்பதால், ஹாய்ட் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். வெர்டிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முப்பத்துநாலாம் வருஷ வேலைநிறுத்தத்தில், அதே ஆம்ப்ரோஸ்தான் துப்பாக்கிக்காரர்களை வைத்து அவள் வீட்டுச் சாமான்களை மழையில் தெருவில் போட்டார். அவள் அம்மாவின் தையல் இயந்திரம் சேற்றில் கிடந்ததை அவள் பார்த்தாள். அப்புறம் அவள் அப்பாவுக்கு எந்த மில்லிலும் வேலை இல்லை. கல்யாணமாகி ஸ்ட்ரூப் என்று பெயர் மாறியதால்தான் அவளையே உள்ளே விட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் பிராக்டன் வீட்டுச் சங்கதி.

முதலாவது மில் வக்கீலுடையது. ஹாய்ட் ஸ்ட்ரூப் கார்டிங் ரூமில் நாலே வருஷம்தான் இருந்தார், மீதிக் காலமெல்லாம் துணிக் கிடங்கில் வேலை பார்த்தார் என்று எழுதியிருந்தது. இல்லை என்று நிரூபிக்கப் பழைய சம்பளப் பதிவுகளைத் தர முடியாதாம். பிராக்டன் குடும்ப இல்லத்தில் வைத்திருந்த அந்தப் பதிவுகள், 'பராமரிப்புக் குறைவினால் ஏற்பட்ட தீயில்' அழிந்துவிட்டனவாம். மேலும், அவருடைய நுரையீரல் கெட்டது சிகரெட்டால் என்று மில் டாக்டர் கருதுகிறாராம்.

"சிகரெட்டா?" என்றாள் வெர்டி. "பஞ்சு மில்லுக்குள்ள தீக்குச்சி உரசினா அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்கன்னுதானே அத்தனை பேரும் புகையிலைய மென்னுட்டுத் திரிஞ்சீங்க. உன் பல்லைப் பார்த்தாலே தெரியுமே. இந்த டாக்டர் உன்னைப் பார்த்தானா, இல்ல உன் நிழலைப் பார்த்தானா?"

இரண்டாவது, வழுவழு காகிதத்தில் அச்சடித்த அழைப்பிதழ். அக்டோபர் முதல் சனிக்கிழமை மில் புல்வெளியில் பழைய தொழிலாளர் தினம். பன்றிக்கறி விருந்து, பாட்டுக் கச்சேரி. கூடவே இந்த வருஷம் ஒரு சிறப்பு: மிஸ் கொர்னீலியா பிராக்டன் இல்லத்தில் குடும்ப ஆவண அறை திறப்பு. 'தொடக்க நாள் முதல் ஒரு தாள்கூடக் குறையாமல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வெர்டி இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். அந்தக் குடும்பம் பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு சோம்பேறித்தனமாகச் சொல்வார்கள் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு பொய்யைக்கூட வீட்டுக்குள் பேசி வைத்துக்கொண்டு சொல்லத் துப்பில்லை.

அவர்களுடைய வக்கீல் ஃபெஸ்பர்மன் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடுகிறவர். தூக்கம் போதாத முகம். வெர்டி போனில் விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

"அந்த அறையில நமக்கு வேண்டியது இருக்குமான்னு தெரியாதும்மா. கேட்டு நோட்டீஸ் அனுப்பினா, மறுநாளே நெஜமாவே தீப்பிடிச்சாலும் பிடிக்கும். கார்டிங் ரூம்ல இவர்கூட வேலை பார்த்தவங்க யாராவது சாட்சி சொல்ல வருவாங்களா?"

"செத்தவங்க வர மாட்டாங்க. இருக்கிற ஒண்ணு ரெண்டு பேரும் மில் பென்ஷன்ல இருக்காங்க. அவங்களும் வர மாட்டாங்க."

"அப்ப கஷ்டம். செவ்வாய்க்கிழமை விசாரணை. காகிதமும் இல்லாம சாட்சியும் இல்லாமப் போனா, சிகரெட்டுன்னு எழுதிட்டு மூடிடுவாங்க."

பணம் ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக் கடனில் வீடு போகும், போகட்டும். வாழ்நாளெல்லாம் ஒரு சிகரெட்டைத் தொடாதவனைப் புகைத்துக் கெட்டவன் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதிப் புதைப்பார்களே, அதை நினைத்தால்தான் வெர்டிக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை ஹாய்ட்டுக்குப் பக்கத்துவீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு, வக்கீல் கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இத்தனை வருஷத்தில் அந்த விருந்துக்கு அவள் போனதே இல்லை.

புல்வெளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான் லாட்டன் பிராக்டன். ஆம்ப்ரோஸின் பேரன், இப்போதைய முதலாளி. நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. ஆளுக்கொரு புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். மில்லின் வரலாறு. யாரோ ஒரு பேராசிரியருக்குக் காசு கொடுத்து எழுத வைத்தது. வெர்டி முப்பத்துநாலாம் வருஷத்தைத் தேடிப் புரட்டினாள். 'அவ்வாண்டு ஒரு சிறு மனக்கசப்பு ஏற்பட்டு விரைவில் நீங்கியது' என்று ஒரு வரி இருந்தது. அதற்கடுத்து மிஸ்டர் ஆம்ப்ரோஸ் வளர்த்த ரோஜாக்களைப் பற்றி மூன்று பக்கம். புத்தகத்தைக் கறித்தட்டுக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டாள். எண்ணெய் நன்றாக இறங்கியது.

பிறகு மேட்டிலிருந்த பெரிய வீட்டுக்குப் போனாள். வாசலில் மிஸ் கொர்னீலியாவே நின்றிருந்தாள். ஆம்ப்ரோஸின் மகள். எண்பது வயது, கல்யாணமாகாதவள். கையுறை, முத்துமாலை, மாவு அப்பினாற்போல் பவுடர். அப்பாவைத் தவிர உலகத்தில் இன்னொரு ஆண்பிள்ளை பிறந்தான் என்பதையே அவள் ஒப்புக்கொண்டதில்லை.

"நீ யாரு?"

"ஹாய்ட் ஸ்ட்ரூப் பொண்டாட்டிங்க, மிஸ் கொர்னீலியா."

"ஓ, ஹாய்ட். நல்ல பையன்."

அந்த நல்ல பையனுக்கு அறுபத்திரண்டு வயது.

"உள்ள வா. எதையும் தொடாதே."

அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. கணக்குப் புத்தகங்கள் தோல் அட்டையோடு வரிசையாக நின்றன. வெர்டி அவற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் முகத்தை இழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"மிச்சமிருக்கிறதாவது தப்பிச்சுதே. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"மிச்சமா? என்ன மிச்சம்?"

"தீயில போனது போகத்தான்."

"எந்தத் தீயில?"

"உங்க வீட்டுத் தீதாங்க. வெளிய பேச வேண்டாம்னு நெனச்சிருப்பீங்க. வயசான காலத்துல ஒரு ஹீட்டரை அணைக்க மறக்கிறது யாருக்கும் வர்றதுதானே. மனசை விட்டுடாதீங்க."

மிஸ் கொர்னீலியா நிமிர்ந்தாள். "இந்த வீட்டுல ஒரு மெழுகுவர்த்தி சாஞ்சது கிடையாது. அப்பா வெச்ச காகிதம் ஒண்ணு நகர்ந்தது கிடையாது. யார் சொன்னா உனக்கு?"

"எனக்கெதுக்குங்க வம்பு. பெரிய இடத்து விவகாரம்."

"யாருன்னு கேக்கறேன்."

"உங்க தம்பி மகன்தாங்க. லாட்டன் ஐயா. அவரோட வக்கீல் எழுதியிருக்கார்."

கைப்பையிலிருந்து கடிதம் வெளியே வந்தது. மிஸ் கொர்னீலியா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தாள். ஹாய்ட்டின் நுரையீரல் வருகிற வரிகளில் அவள் கண் நிற்கவே இல்லை. கீழே வந்ததும் நின்றது.

"பராமரிப்புக் குறைவினால்," என்று வாய்விட்டுப் படித்தாள். "பராமரிப்புக் குறைவா. நாப்பது வருஷமா ஒரு பூச்சி அண்ட விட்டதில்ல நான். இந்தப் பையன் மூக்கைத் துடைச்சு விட்டது நான். என்னைப் போயி..."

"நான்கூட நம்பலைங்க. ஆனா கோர்ட்டுக்கே எழுதிக் குடுத்துட்டாங்களே. இனி ஊர் முழுக்க அதைத்தானே பேசும்."

ஒரு தெருச் சண்டையை எப்படி மூட்டுவது என்று வெர்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் இன்னும் நாலு வார்த்தை எடுத்து வைத்திருந்தாள், தேவைப்படவில்லை. மிஸ் கொர்னீலியா விறுவிறுவென்று போய் ஒரு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள்.

"உன் புருஷன் துணிக் கிடங்குல இருந்தான்னு எழுதியிருக்கான், முட்டாள். வந்து பாரு."

வெர்டிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மில்லில் பை கொடுப்பார்கள். ஒரு ஆரஞ்சு, ஒரு ஆப்பிள், ஒரு கைப்பிடி கடலை, குச்சி மிட்டாய். வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வெள்ளைக் கோட்டோடு மிஸ்டர் ஆம்ப்ரோஸ். இவ்வளவு பேருக்கும் சோறு போடுகிறவர் யார் என்று ஆரஞ்சுக்கே தெரிய வேண்டும் என்பதுபோல் நிற்பார். கிழவர் சாகும்வரை ஒரு வருஷம்கூட அந்தச் சடங்கு நின்றதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிரிவின் பெயர், வருஷம், நிற்கிறவர்களின் பெயர் எல்லாவற்றையும் மிஸ் கொர்னீலியா வெள்ளை மையால் எழுதி வைத்திருந்தாள்.

கார்டிங் ரூம். முதல் படத்தில் ஹாய்ட் காது பெரிதாகத் தெரிகிற சிறுவன். அடுத்ததில் மீசை. அப்புறம் கல்யாணமான களை. பக்கம் திருப்பத் திருப்ப அதே வாசலில் நின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே வந்தான். வெர்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அழுகை வந்தால் காரியம் கெட்டுவிடும்.

பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சிலுவைக் குறி இருந்தது.

"இது என்னங்க?"

"ஆண்டவர்கிட்ட போனவங்க. சாவுச் செய்தி வந்ததும் லில்லிப் பூ அனுப்பிட்டுக் குறிச்சு வெச்சுப்பேன். அப்பா சொல்லிக் குடுத்த பழக்கம்."

கார்டிங் ரூம் படங்களில் சிலுவை இல்லாத பெயரைத் தேட வேண்டியிருந்தது. ஹாய்ட் பெயருக்குப் பக்கத்தில் வெறுமையாக இடம் காத்திருந்தது. பக்கத்தில் கிடந்த நூற்புப் பிரிவு ஆல்பத்தில் வெர்டி தன்னையும் தன் சிநேகிதிகளையும் பார்த்தாள். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குறி.

"பஞ்சுப் பொதி பிரிக்கிறவங்க படம் எங்கேங்க? எஸல் கெய்தர் கூட்டமெல்லாம்?" எஸல் கறுப்பர். ஹாய்ட்டுக்கு முன்னாலேயே அந்தத் தூசியைத் தின்று, அதே மாதிரி மூச்சுத் திணறிச் செத்தவர்.

"அவங்களுக்கு வேலை வெளிக் கொட்டகையிலதானே. ஆரஞ்சு மட்டும் அனுப்பிடுவோம்."

வெர்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு அதுதான்.

"செவ்வாய்க்கிழமை கோர்ட்ல விசாரணைங்க," என்று மட்டும் சொன்னாள். "அங்க யாராவது வந்து தீ பிடிக்கலன்னு சொன்னாத்தான் உண்டு."

"நான் வர்றேன். உனக்காக இல்ல, புரிஞ்சுதா? உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் பத்தாதுன்னு அப்பாவே சொல்வார். நான் வர்றது இந்த வீட்டுப் பேருக்காக."

"புரியுதுங்க," என்றாள் வெர்டி. அவ்வளவு மரியாதையாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹாய்ட்டுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு வயசான பொம்பளைய... தூண்டி விட்டுட்டு வந்திருக்கே."

"தீ வெச்சது நானில்ல. தீயே இல்லன்னு சொல்லத்தான் போறா."

"மிஸ்டர் ஆம்ப்ரோஸ் மக... அந்தக் கூட்டத்துல நிக்கணுமா? அவர் மனசு கஷ்டப்படும்."

"அவர் மனசு புதைச்ச எடத்துல நல்லாத்தான் இருக்கும். நீ மாத்திரையப் போடு."

திங்கட்கிழமை மாலை லாட்டனின் கார் மேட்டு வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றது. வெர்டி அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழவியைப் பேசியே கரைத்துவிடுவான், ஒரு புது ரோஜாத் தோட்டமோ புத்தகத்தில் இன்னும் மூன்று பக்கமோ தருவதாகச் சொன்னால் போதும் என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹாய்ட்டைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழக்கை விசாரிக்க நஷ்டஈட்டு ஆணையத்திலிருந்து வழுக்கைத் தலை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மில் வக்கீல் எழுந்து, தீயைப் பற்றி அருமையாகப் பேசினார். கேட்டால் புகை மணக்கும். சிகரெட்டைப் பற்றி அதைவிட அருமையாகப் பேசினார். பின் வரிசையில் லாட்டன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஃபெஸ்பர்மன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன ஆளைக் காணோம்.

வேறு சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டுக் காகிதங்களை அடுக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. தொப்பி, கையுறை, முத்துமாலையோடு மிஸ் கொர்னீலியா வந்தாள். சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகிற வேகத்தில்தான் அவள் கார் ஓட்டுவாள், அதனால் நேரமாகிவிட்டது. பின்னால் கோர்ட்டு சேவகன் ஆல்பங்களைச் சுமந்துகொண்டு வந்தான்.

"அத்தை," என்று எழுந்தான் லாட்டன். "நேத்துத்தானே பேசினோம்."

"நீ பேசினே. நான் கேட்டுட்டிருந்தேன். உக்காரு."

மில் வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு, அம்மையார் சொல்லட்டும் என்றார். மிஸ் கொர்னீலியா சாட்சி நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். தன் வீட்டில் தீ பிடித்ததில்லை, எலி வந்ததில்லை, கூரை ஒழுகியதில்லை என்று வரிசையாகச் சொன்னாள். ஆல்பத்தைத் திறந்து, ஒவ்வொரு வருஷமாக ஹாய்ட் ஸ்ட்ரூப் கார்டிங் ரூம் வாசலில் நிற்பதைக் காட்டினாள். மில் வக்கீல் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஆல்பத்தை வாங்கித் தானே புரட்டினார். அவருக்கும் அந்தக் குறிகள் கண்ணில் பட்டன. அவை என்ன என்று கேட்டார், அவள் சொன்னாள். அவர் நூற்புப் பிரிவு ஆல்பத்தையும் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கார்டிங் ரூம்ல இத்தனை குறி இருக்கே. எதனால இறந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நெஞ்சுதான், வேறென்ன? கார்டிங் ஆளுங்களுக்கு எப்பவுமே நெஞ்சு சரியிருக்காது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும்னா?"

"ஐயோ, அத்தை," என்றான் லாட்டன்.

"குறுக்க பேசாதே. அப்பா சொல்வார், அந்தத் தூசி மனுஷனை மெல்ல மெல்லத் தின்னுடும்னு. எனக்குப் பதினஞ்சு வயசிருக்கும். என் தம்பி, இதோ உட்கார்ந்திருக்கானே இவன் அப்பன், ஒருநாள் கார்டிங் ரூம்குள்ள போயி விளையாடிட்டு வந்துட்டான். தலையெல்லாம் பஞ்சு. அப்பா பெல்ட்டைக் கழட்டி அடிச்ச அடியில ரெண்டு நாள் உக்கார முடியல அவனால. இன்னொரு தடவை அந்தத் தூசிக்குள்ள கால் வெச்சா தோலை உரிச்சிடுவேன்னார். பிள்ளைங்க ஆரோக்கியத்துல அப்பா அவ்வளவு கண்டிப்பு." அவள் பெருமையோடு சுற்றிலும் பார்த்தாள். "பராமரிப்புக் குறைவுன்னு எங்க குடும்பத்தைப் பார்த்துச் சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் யோசிக்கணும்."

சுருக்கெழுத்துப் பெண்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். தூசியால் கெடுதல் என்பதே பத்து வருஷத்துக்கு முன்புவரை யாருக்கும் தெரியாது என்று மில் தரப்பில் எழுதிக் கொடுத்திருந்த காகிதம் அதிகாரியின் முழங்கைக்கு அடியில் இருந்தது. லாட்டன் முகத்தில் ஈயாடவில்லை. மில் வக்கீல் எழுந்து கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். வெளியே நடைக்கூடத்தில் ஃபெஸ்பர்மனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதெல்லாம் தருவதாக ஒப்புக்கொண்டார். சிகரெட் என்ற வார்த்தை எந்தக் காகிதத்திலும் இருக்காது என்றும் எழுதிக் கொடுத்தார்.

ஃபெஸ்பர்மன் ஓடிவந்து சொன்னார். அவர் சிரித்து வெர்டி பார்த்தது அன்றைக்குத்தான். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நாற்காலியில் ஹாய்ட் இருந்த இருப்பைப் பார்த்து அடங்கிவிட்டாள். அவன் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழவனைப் பற்றி ஒரே ஒரு கெட்ட வார்த்தை இவன் வாயிலிருந்து வராதா என்று கல்யாணமான நாளிலிருந்து ஏங்கியவள் அவள். அது வந்துவிடுமோ என்று இப்போது பயமாக இருந்தது.

அப்போது மிஸ் கொர்னீலியா அவர்களிடம் வந்தாள். வழக்கு யார் பக்கம் போனது என்பது அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. வீட்டின் மேல் விழுந்த பழி நீங்கிவிட்டது, அவளுக்கு அது போதும்.

"ஹாய்ட், நல்லா இருக்கியா? அப்பாவுக்கு உன்மேல ரொம்பப் பிரியம்."

ஹாய்ட் தலையைத் தூக்கினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் நின்று நின்று காற்றைத் தேட வேண்டியிருந்தது.

"எனக்குப் பதினேழு வயசுங்க. எங்கம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. கார்டிங் ரூம் வாசல்ல... உங்க அப்பா நின்னுட்டிருந்தார்." மூச்சு வாங்கினான். "எனக்கு உள்ள போகப் பயமா இருந்துச்சு. அவர்தான் தோளைத் தட்டி... உள்ள போ மகனேன்னார்."

மிஸ் கொர்னீலியாவின் முகம் மலர்ந்தது.

"ஆமா," என்றாள். "அப்பா எல்லாரையும் மகனேன்னுதான் கூப்பிடுவார்."

அவன் கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஆல்பத்தைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வரும்படி சேவகனை அதட்டிக்கொண்டே அவள் படியிறங்கிப் போனாள். ஹாய்ட் அவள் தொட்ட கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். வெர்டி அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.